படக் காப்பு, பெயர் மாற்றம், பிடிஎஃப் இணைப்பு: கட்டளை வரியா, மவுஸா?

#1 செவ்வந்தி

மேசைக்கணினியில் லினக்ஸ் மின்ட், மடிக்கணினியில் விண்டோஸ் 11. மின்ட்டில் ஏறத்தாழ 40,000 படங்கள், 300 ஜிபி. வெளி வட்டின் கோப்பு வடிவம் எக்ஸ்ஃபேட், ஏனென்றால் இரண்டு கணினியிலும் படிக்க வேண்டும்.

வேலைகள் இவைதான்: வாரம் ஒருமுறை வட்டுக்கு நகல். கேமரா வைத்த பெயரைத் தேதிப் பெயராக மாற்றுவது. அனுப்புவதற்கு அளவு குறைப்பது. ஸ்கேன் செய்த தாள்களை ஒரே பிடிஎஃப் ஆக்குவது. இப்போது எல்லாமே ஃபைல் மேனேஜரிலும் மவுஸிலும்தான் நடக்கிறது. "டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) ரெண்டே வரி" என்று எல்லாரும் சொல்கிறார்கள். எந்த வேலைக்கு எது, எது எங்கே கவிழும் என்று சொல்லுங்கள். கோப்புப் பெயர்களில் பாதி தமிழ், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவும்.

#2 கருந்திரை

நகலுக்கு மட்டும் வாதமே கிடையாது: ஆர்சிங்க். 1996ல் வந்த கருவி, இன்னும் இதற்கு நிகரில்லை. கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதுறேன், அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிங்க.

ஃபைல் மேனேஜரில் 40,000 கோப்பை இழுத்துப் போட்டால், பாதி வழியில் கேபிள் ஆடினாலே போச்சு. மறுபடி இழுத்தால் "மாற்றவா, தவிர்க்கவா" என்று கேட்கும். "எல்லாவற்றையும் தவிர்" கொடுத்தால், பாதி மட்டும் எழுதப்பட்ட கோப்பும் சரியான பெயரோடு அங்கேயே கிடக்கும். அதைத் தவிர்த்துவிட்டுத்தான் போவீங்க. ஆர்சிங்க் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுசா முடிந்த பிறகுதான் உண்மைப் பெயருக்கு மாற்றும். நின்ற இடத்தில் அதே வரியைத் திரும்ப ஓட்டினால் போதும். அளவும் மாற்றிய நேரமும் ஒத்துப்போகிற கோப்பைத் தொடாது.

உங்க வட்டு எக்ஸ்ஃபேட் என்பதால் எல்லாரும் சொல்லும் -ஏ ஆப்ஷன் வேண்டாம். அது உரிமையாளர், அனுமதி எல்லாவற்றையும் காப்பாற்றப் பார்க்கும். எக்ஸ்ஃபேட்டில் அதற்கு இடமே இல்லை, பிழைச் செய்தியா கொட்டும். -ஆர், -டி, -வி மூன்றும் போதும்: உள் அடைவுகள் (ஃபோல்டர்கள்), நேரம், நடப்பதைச் சொல்வது.

கவிழும் இடங்கள். மூல அடைவின் கடைசியில் சாய்கோடு இருந்தால் "உள்ளே இருப்பவை" என்று பொருள், இல்லாவிட்டால் "அடைவையே". ஒரு வாரம் போட்டு, அடுத்த வாரம் மறந்தால் படங்கள்/படங்கள் என்று இரண்டாவது 300 ஜிபி ஏறத் தொடங்கும்.

--டெலிட் இன்னும் மோசம். மூலத்தில் இல்லாததை வட்டிலிருந்தும் அழிக்கும். மூலப் படங்கள் தனிப் பார்ட்டிஷனில் (வட்டின் தனிப் பகுதியில்) இருந்து, அது அன்றைக்கு மவுன்ட் ஆகாமல் (கணினியோடு இணையாமல்) வெற்று அடைவாக நின்றால், "மூலத்தில் ஒன்றுமே இல்லை" என்று முடிவு கட்டி முழுக் காப்பையும் துடைத்துவிடும். அதனால் முதலில் -என் சேர்த்து ஒத்திகை. பட்டியலில் "டெலிட்டிங்" என்று எத்தனை வரி வருகிறது பாருங்க. நிரந்தரமா --மேக்ஸ்-டெலிட்=50 மாதிரி ஒரு வரம்பும் வைங்க; அதற்கு மேல் அழிக்காது.

#3 மவுஸ்மணி

அண்ணே, நீங்க பயமுறுத்துவதைப் பார்த்தாலே தெரியுது, சாதாரண ஆளுக்கு இது சரிவராதுன்னு. ஒரு சாய்கோடு மாறினா 300 ஜிபி, ஒரு மவுன்ட் தவறினா மொத்தக் காப்பு.

ஃப்ரீஃபைல்சிங்க் போட்டா இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் வட்டு, நடுவில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு குறி: போகுமா, அழியுமா, முரணா. "கம்பேர்" அழுத்தும் வரை ஒன்றும் தெரியாது, "சிங்க்ரனைஸ்" அழுத்தும் வரை ஒன்றும் நடக்காது. அதாவது உங்க -என் ஒத்திகை இதில் கட்டாயம். அழிப்பதையும் குப்பைத் தொட்டிக்கோ, தேதி போட்ட வேறு அடைவுக்கோ அனுப்பச் சொல்லலாம். அமைப்பைப் பேட்ச் கோப்பா சேமிச்சா அடுத்த வாரம் ஒரே கிளிக். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும்.

இன்னொன்று, மின்ட்டில் டைம்ஷிஃப்ட் இருக்கே என்று பலர் நிம்மதியா இருப்பாங்க. அது சிஸ்டத்துக்கு மட்டும். ஹோம் அடைவை இயல்பாகவே விட்டுவிடும். அதில் உங்க படம் ஒன்றுகூட இருக்காது.

#4 கருந்திரை

நியாயம்தான். ஒத்திகையைக் கட்டாயமாக்குவது அதன் பலம், ஒத்துக்கிறேன். ஆனா திரையே இல்லாத கணினிக்கு, எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குக் கட்டளை கொடுக்கும் முறை) வழியா நகல் எடுக்கும்போது அந்த இரண்டு பக்கக் காட்சியை எங்கே விரிப்பீங்க?

#5 மவுஸ்மணி

செவ்வந்தி அக்கா கேட்டது யூஎஸ்பி வட்டு. சர்வர் இல்ல.

#6 ஜன்னலோரம்

விண்டோஸ் பக்கம் யாரும் பேசலையே. நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி விண்டோஸ் விஸ்டாவிலிருந்து கூடவே வருகிறது, எதுவும் நிறுவ வேண்டாம். /மிர் என்றால் கண்ணாடிப் பிம்பம், அதாவது ஆர்சிங்க்கின் --டெலிட் உள்ளடக்கியது. ஒத்திகைக்கு /எல்.

ஆனால் இயல்பு அமைப்புகள் கொடுமை. ஒரு கோப்பைப் படிக்க முடியாவிட்டால் 30 விநாடி காத்திருந்து மறுபடி முயலும், பத்து லட்சம் தடவை. அச்சுப்பிழை இல்லை, 10,00,000. கெட்டுப்போன ஒரே கோப்பில் இரவு முழுக்க நின்றுகொண்டிருக்கும். /ஆர்:2 /டபிள்யூ:5 என்று கட்டாயம் போடவும். வட்டு பழைய வடிவமான ஃபேட்32 ஆக இருந்தால் /எஃப்எஃப்டி சேர்க்கவும். அதன் நேரம் 2 விநாடிப் படிகளில்தான் பதியும், இல்லாவிட்டால் மாறாத கோப்பெல்லாம் மாறியதாகத் தெரியும்.

முடிவுக் குறியீடு 1 வந்தால் பயப்பட வேண்டாம். டாஸ்க் ஷெட்யூலர் அதைத் தோல்வி போலக் காட்டும். ரோபோகாப்பிக்கு 1 என்றால் "கோப்புகள் நகலாயின". 8 முதல்தான் உண்மையான தோல்வி.

மேற்கோளுக்குள் பாதையை எழுதும்போது கடைசியில் பின்சாய்கோடு வைக்காதீர்கள். அது மூடும் மேற்கோளை விழுங்கிவிடும். அடுத்த பாதையும் ஆப்ஷன்களும் ஒரே பெயராக ஒட்டிக்கொள்ளும். தமிழ்ப் பெயர்களுக்குப் பதிவேடு வேண்டுமென்றால் /லாக் அல்ல, /யூனிலாக்.

எக்ஸ்ப்ளோரரில் 260 எழுத்துக்கு மேல் பாதை நீண்டால் நகல் அடம்பிடிக்கும். ரோபோகாப்பி கண்டுகொள்ளாமல் போகும். அடைவுக்குள் அடைவாக வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே அது வேண்டும்.

#7 பைட்டு பாண்டி

பெயர் மாற்றத்துக்கு நான் மவுஸ்மணி கட்சி. காரணம் ஒன்றுதான்: பழைய பெயர், புதிய பெயர் பக்கத்துப் பக்கத்தில் தெரிய வேண்டும். மின்ட்டில் 20.2லிருந்து பல்க்கி என்ற கருவி கூடவே வருகிறது. நிறைய கோப்புகளைத் தேர்ந்து எஃப்2 அழுத்தினால் திறக்கும். விண்டோஸில் பவர்டாய்ஸுக்குள் இருக்கும் பவர்ரீநேம். இரண்டிலும் ரெஜெக்ஸ் (எழுத்துகளின் அமைப்பை வைத்துத் தேடி மாற்றும் முறை) உண்டு, முன்னோட்டம் உண்டு.

விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் கெட்-சைல்ட்ஐட்டம் முடிவை நேராக ரீநேம்-ஐட்டத்துக்குக் குழாய் போட்டால் (ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பினால்) ஒரு பொறி இருக்கிறது. பட்டியல் எடுத்துக்கொண்டே பெயரும் மாற்றுவதால், மாற்றிய கோப்பே புதிய கோப்பாக மறுபடி வரிசையில் வரலாம். முன்னொட்டு இரண்டு தடவை ஏறும். முதல் பகுதியை அடைப்புக்குறிக்குள் போட்டால் முழுப் பட்டியலும் எடுத்த பிறகுதான் அடுத்தது தொடங்கும். ஒத்திகைக்கு -வாட்இஃப்.

ஆனால் செவ்வந்தி கேட்டது எடுத்த தேதியை வைத்துப் பெயர். அதற்கு எக்ஸிஃப்டூல்தான், அது படத்துக்குள் பதிந்த தகவலைப் படிக்கும் கட்டளை வரிக் கருவி. ஃபைல்நேம் என்ற டேகுக்குள் (தகவல் புலத்துக்குள்) டேட்டைம்ஒரிஜினல் மதிப்பைத் திணிக்கச் சொல்ல வேண்டும். -டி ஆப்ஷனில் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி வடிவம். ஒரே விநாடியில் எடுத்த தொடர் படங்கள் மோதாமலிருக்க வடிவத்தின் கடைசியில் %%-சி, அதன் பின் கோப்பின் நீட்டிப்பு போய்விடாமலிருக்க .%%இ. ஃபைல்நேம் என்ற இடத்தில் டெஸ்ட்நேம் என்று எழுதினால் எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும். முதல் தடவை அதைத்தான் ஓட்ட வேண்டும்.

நடுவில் வரும் < குறியை மேற்கோளுக்குள் போடாவிட்டால் ஷெல் (கட்டளையைப் படித்து இயக்கும் நிரல்) அதை "இந்தக் கோப்பிலிருந்து படி" என்று எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் பேட்ச் கோப்பில் எழுதினால் ஒவ்வொரு % குறியையும் இரட்டிக்க வேண்டும்.

வாட்ஸப்பில் வந்த படங்களில் எடுத்த தேதி இருக்காது, அழித்துவிட்டுத்தான் அனுப்புகிறது. எக்ஸிஃப்டூல் அவற்றை எச்சரிக்கையோடு விட்டுவிடும். அவற்றின் பெயரிலேயே எட்டு இலக்கத் தேதி இருக்கும், அதைப் பல்க்கியில் ரெஜெக்ஸ் கொண்டு வெட்டிக்கொள்ளலாம்.

வீடியோவில் வேறு சிக்கல். எம்பி4, மூவ் கோப்புகளில் நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுத வேண்டும் என்பது விதி. இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். அதிகாலை 5.30க்கு முன் எடுத்த முகூர்த்த வீடியோ எல்லாம் முந்தின நாள் தேதிக்குப் போய்விடும். -ஏபிஐ குவிக்டைம்யூடிசி சேர்த்தால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றித் தரும். சில கேமராக்கள் விதியை மதிக்காமல் உள்ளூர் நேரத்தையே எழுதும், ஆக ஒவ்வொரு கருவியிலிருந்தும் ஒரு வீடியோவைச் சோதித்துவிட்டு ஓட்டுங்கள்.

#8 நெடுவரி

தமிழ்ப் பெயர் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. இங்கேதான் கட்டளை வரியின் சாயம் வெளுக்கும்.

முதலில் திரை. பெரும்பாலான டெர்மினல்கள் ஒரு குறிக்கு ஒரு கட்டம் என்று வரைபவை. ெ, ே, ை எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் தொங்கும், புள்ளி தள்ளி நிற்கும், பின்னழிப்பு விசையை அழுத்தினால் கர்சர் வேறெங்கோ நிற்கும். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, காட்சிதான் கோணல். பெயரை முழுக்கத் தட்ட வேண்டாம். முதல் எழுத்தைத் தட்டி டேப் அழுத்துங்கள், அல்லது மீதிப் பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறியை நம்புங்கள். கட்டளைக்கு ஆங்கிலம், பெயருக்குத் தமிழ்99 என்று விசைப்பலகையை மாற்றி மாற்றி அடிப்பதும் சலிப்புதான்.

இரண்டாவது நீளம். லினக்ஸின் கோப்பு வடிவமான எக்ஸ்ட்4 ஒரு பெயருக்கு 255 பைட் அனுமதிக்கிறது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். "பாட்டி" என்பது கண்ணுக்கு மூன்றெழுத்து. உள்ளே ஆறு குறி, 18 பைட். ஆக 85 குறிதான் வரம்பு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸும் எக்ஸ்ஃபேட்டும் 255 குறி வரை விடும். விண்டோஸில் "சித்தி மகள் திருமணம் மதுரை..." என்று நீட்டி எழுதிய பெயர் மின்ட்டுக்கு வரும்போது "பெயர் மிக நீளம்" என்று நிற்கும். மின்ட் நிறுவும்போது ஹோம் அடைவை மறையாக்கம் செய்யும் பெட்டியைத் தட்டியிருந்தால் வரம்பு 143 பைட், அதாவது 47 குறி.

மூன்றாவதுதான் விஷம். "கொலு"வில் வரும் கொ-வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஒற்றை ஒகரக் குறி, அல்லது க-வோடு ெ, ா என்று இரண்டு குறி. கண்ணுக்கு ஒரே மாதிரி. நம் விசைப்பலகைகள் பொதுவாக முதல் வகையைத் தரும். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு எல்லாவற்றையும் பிரித்துத்தான் வைக்கும். மேக்கிலிருந்து வந்த அடைவை லினக்ஸில் கொலு* என்று தேடினால் "அப்படி ஒன்றுமில்லை" என்று வரும். ஆர்சிங்க் அதே கோப்பைப் புதிது என்று நினைத்து இரண்டாவது நகல் போடும். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இதே கதை.

தீர்வு கான்வ்எம்வி, கோப்புப் பெயரின் குறியாக்கத்தை மாற்றும் கருவி. -ஆர், -எஃப் யூடிஎஃப்8, -டி யூடிஎஃப்8, --என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒற்றைக் குறியாக்குவது). இயல்பாகவே ஒத்திகை மட்டும்தான் செய்யும், --நோடெஸ்ட் என்று சொன்னால்தான் கை வைக்கும். எல்லாக் கருவியும் இப்படி இருந்தால் இந்த விவாதத்தில் பாதி தேவைப்படாது.

"கௌரி"யை "கெளரி" என்று ளகரம் போட்டு அடித்திருந்தால் கான்வ்எம்வியும் காப்பாற்றாது. அது வேறு சொல்லாகவே பதிவாகியிருக்கிறது. தேடிக் கையால்தான் திருத்த வேண்டும்.

#9 மவுஸ்மணி

கொலு விஷயம் ஃபைல் மேனேஜரிலும் இருக்கு. ஒரே அடைவில் "கொலு" என்று இரண்டு அடைவு பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், எது எதுன்னு கண்ணால கண்டுபிடிக்கவே முடியாது. இந்த ஒன்றில் டெர்மினல்தான் மேல்: பெயரை எக்ஸ்எக்ஸ்டிக்குக் குழாய் போட்டு பைட்டா பார்க்கலாம்.

#10 ஜன்னலோரம்

விண்டோஸில் அதற்கு ஒரு தம்பி. பவர்ஷெல் 5.1க்கு எழுதும் ஸ்கிரிப்டில் தமிழ்ப் பாதை இருந்தால் கோப்பை பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் வரும் குறியாக்க அடையாளம்) உள்ள யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்க வேண்டும். பிஓஎம் இல்லாவிட்டால் பழைய ஏஎன்எஸ்ஐ குறியாக்கம் என்று நினைத்துப் படிக்கும், பாதை சிதைந்து "கோப்பைக் காணோம்" என்று சொல்லும். பவர்ஷெல் 7ல் இந்தத் தொல்லை இல்லை.

#11 கருந்திரை

அளவு குறைப்பு: இமேஜ்மேஜிக்கின் மோக்ரிஃபை. கவனம், அது மூலப் படத்தின் மேலேயே எழுதும். முதலில் "சிறியவை" என்று அடைவு உண்டாக்கி, -பாத் சிறியவை என்று கொடுத்தால் நகல் அங்கே போகும். -ஆட்டோ-ஓரியன்ட், -ரீசைஸ் "1600x1600>", -குவாலிட்டி 85. 12 மெகாபிக்சல் படம், 4000க்கு 3000, இதில் 1600க்கு 1200 ஆகும்.

அந்த > குறிக்கு "பெரிதாக இருந்தால் மட்டும் சுருக்கு" என்று பொருள். மேற்கோள் விட்டுப்போனால் ஷெல் அதை வெளியீட்டுத் திருப்பம் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த சொல்லான -குவாலிட்டி என்ற பெயரிலேயே ஒரு வெற்றுக் கோப்பை உண்டாக்கும். சின்னப் படமெல்லாம் பெருத்துப்போகும். அந்தக் கோப்பை ஆர்எம் கட்டளை போட்டு அழிக்கப் போனால் ஆப்ஷன் என்று நினைத்து மறுக்கும், பெயருக்கு முன்னால் ./ சேர்க்கணும்.

இடத் தகவலை நீக்க -ஸ்ட்ரிப். அதை ஆட்டோ-ஓரியன்ட்டுக்குப் பிறகு போடுங்க. முன்னால் போட்டால் திசைக் குறிப்பும் சேர்ந்து போய், நிமிர்ந்து எடுத்த படம் படுத்துக்கும். வண்ண விவரமும் போகும், சில படங்கள் வெளிறும்.

விண்டோஸில் பழைய கட்டுரைகளைப் பார்த்து கன்வர்ட் என்று அடிக்காதீங்க. அந்தப் பெயரில் ஃபேட் வட்டை என்டிஎஃப்எஸ் ஆக்கும் சிஸ்டம் கருவி இருக்கிறது. இமேஜ்மேஜிக் 7ல் மேஜிக் என்றே தொடங்கணும்.

#12 மவுஸ்மணி

பத்துப் படத்துக்கு இவ்வளவா? விண்டோஸில் பவர்டாய்ஸ் இமேஜ் ரீசைஸர், வலது கிளிக், அளவைத் தேர்ந்தெடு, முடிந்தது. லினக்ஸில் எக்ஸ்என்கன்வர்ட். "பெரிதாக இருந்தால் மட்டும்" என்பதற்கு ஒரு டிக் பெட்டி இருக்கு, அதுக்கு மேற்கோள் தேவைப்படாது.

#13 பைட்டு பாண்டி

பிடிஎஃப் மிச்சம். தாளை இப்போதுதான் ஸ்கேன் செய்யப்போகிறீர்கள் என்றால் மின்ட்டின் டாக்குமென்ட் ஸ்கேனரே பல பக்கத்தை ஒரே பிடிஎஃப்பாகச் சேமிக்கும், இணைப்பே வேண்டாம். ஏற்கெனவே ஜேபெக் கோப்புகளாக இருந்தால் ஐஎம்ஜி2பிடிஎஃப். ஜேபெக்கை மறுபடி சுருக்காமல் அப்படியே உள்ளே வைக்கும். இமேஜ்மேஜிக்கால் செய்தால் மறுபடி சுருக்கித் தரம் குறையும். அதோடு, டெபியன், உபுண்டு வழி வந்தவற்றில் பாதுகாப்புக்காக இமேஜ்மேஜிக்கின் பாலிசி கோப்பு பிடிஎஃப்பைத் தடுத்திருப்பதால் "அனுமதியில்லை" என்றும் வரலாம்.

பிடிஎஃப்களை இணைக்க க்யூபிடிஎஃப்: --எம்ப்டி --பேஜஸ், கோப்புகள், பிறகு தனியாக இரட்டைக் கோடு, பிறகு வெளியீட்டுப் பெயர். பொறி வரிசையில் இருக்கிறது. நட்சத்திரக் குறி அகர வரிசையில் விரியும்: பக்கம்1, பக்கம்10, பக்கம்11, பக்கம்2. ஃபைல் மேனேஜர் எண்ணைப் புரிந்து 1, 2, 3 என்று காட்டுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஸ்கேன் செய்யும்போதே 001, 002 என்று பெயர் வைத்தால் தொல்லை தீர்ந்தது.

பக்கம் தலைகீழ், ஒன்றை எடுத்து இடையில் செருக வேண்டும் என்றால் கட்டளை வரியோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிடிஎஃப் அரேஞ்சர் திறந்தால் பக்கங்கள் சிறு படங்களாக விரியும், இழுத்து வைக்கலாம். பார்த்துச் செய்யும் வேலையைப் பார்க்காமல் செய்வதில் என்ன வீரம்?

இ-ஆதார் மாதிரி கடவுச்சொல் போட்டு வரும் பிடிஎஃப்பைத் திறக்கும்போது கடவுச்சொல்லை வரியிலேயே எழுதினால் டெர்மினலின் பாஷ் ஷெல் வைக்கும் வரலாற்றுக் கோப்பில் அப்படியே தங்கும். க்யூபிடிஎஃப்பில் --பாஸ்வேர்ட்-ஃபைல் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

#14 நெடுவரி

எல்லாருக்கும் ஒன்று: ஆர்எம், டெல், ரிமூவ்-ஐட்டம் மூன்றுக்கும் குப்பைத் தொட்டி கிடையாது. மின்ட்டில் ஜிஐஓ டிராஷ் என்று அடித்தால் தொட்டிக்குப் போகும். தமிழ்ப் பெயர்களில் இடைவெளி சகஜம், "பொங்கல் படங்கள்" என்பதை மேற்கோளில்லாமல் அடித்தால் பொங்கல் ஒன்று, படங்கள் ஒன்று என இரண்டு பெயராக எடுத்துக்கொள்ளும். இதே காரணத்தால், கோப்பு தேடும் ஃபைண்ட் முடிவை, பட்டியலை அடுத்த கட்டளைக்குத் தரும் எக்ஸ்ஆர்க்ஸுக்குக் கொடுக்கும்போது -பிரிண்ட்0, -0 ஜோடி இல்லாமல் கொடுக்காதீர்கள்.

#15 செவ்வந்தி

எல்லாருக்கும் நன்றி. பெயர் மாற்றத்துக்குப் பல்க்கி, தேதிப் பெயருக்கு மட்டும் எக்ஸிஃப்டூல். பிடிஎஃப் அரேஞ்சர். நகலுக்கு முதல் மாதம் ஃப்ரீஃபைல்சிங்க், பிறகு ஆர்சிங்க் பழகிப் பார்க்கிறேன். தமிழ்ப் பெயர்களுக்கு முதலில் கான்வ்எம்வி ஒத்திகை.

ஒரு சந்தேகம்: நகல் முடிந்தது என்று காட்டிய பிறகும் வட்டின் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. வட்டில் உள்ளது சரியாக எழுதப்பட்டதா என்று எப்படித் தெரியும்?

#16 கருந்திரை

அது இரண்டு பக்கத்துக்கும் பொது. லினக்ஸ் முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு மெதுவா வட்டுக்குத் தள்ளும். கருவி முடிந்தது என்று சொன்னாலும் சில ஜிபி இன்னும் பாக்கி இருக்கலாம். டெர்மினலில் சிங்க் என்று அடித்தால் எல்லாம் எழுதி முடியும் வரை கைக்கு வராது. ஃபைல் மேனேஜரில் எஜெக்ட் அழுத்தி "எடுக்கலாம்" என்று வரும் வரை காத்திருப்பதும் அதே வேலைதான்.

சரிபார்ப்பை எஜெக்ட் செய்து, கேபிளைக் கழற்றி, மறுபடி செருகிய பிறகு செய்யுங்க. இல்லாவிட்டால் நினைவகத்தில் உள்ளதையே படித்து "சரி" என்று சொல்லிவிடும். ஆர்சிங்க்கில் -ஆர், -சி, -என், -ஐ நான்கும்: நேரத்தையும் அளவையும் நம்பாமல் உள்ளடக்கத்தையே ஒப்பிட்டு, வேறுபடுவதைப் பட்டியலிடும். 300 ஜிபியை விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தால் 50 நிமிஷம். யூஎஸ்பி 2 துளையில் செருகியிருந்தால் இரண்டரை மணி நேரம் ஆகும். மாதம் ஒருமுறை போதும்.

இதில் -என் விட்டுப்போகக் கூடாது. அளவும் தேதியும் ஒன்றாக இருந்து உள்ளடக்கம் மட்டும் மாறியிருந்தால், இரண்டில் ஒன்று வட்டிலேயே கெட்டிருக்கிறது. கெட்டது உங்க கணினியில் உள்ள மூலமா இருந்தால், -என் இல்லாத ஆர்சிங்க் நல்ல காப்பின் மேல் கெட்டதை எழுதிவிடும். பட்டியலில் பெயர் வந்தால் இரண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து பாருங்க. அதற்கு மவுஸ்தான் வசதி.